கட்சி, காசு, மேடை: வடசென்னை நாடகக் குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, எண்ணூர் பக்கம் தெருநாடகமும் மேடை நாடகமும் கூத்தும் போடுகிற சிறு குழுக்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். இங்கே வரும் கேள்விகளில் பாதி சட்டம் சம்பந்தப்பட்டவை, மீதி மனிதர்கள் சம்பந்தப்பட்டவை. "நீ யார் பக்கம்?" என்று கேட்பவர் ஸ்டேஷனிலும் இருக்கிறார், பணம் தருகிற இடத்திலும் இருக்கிறார், ஒத்திகை அறைக்குள்ளும் இருக்கிறார். மூவருக்கும் ஒரே பதில் செல்லாது.

நாடகம் போடும் முன் ஸ்கிரிப்டைப் போலீசிடம் கொடுத்தாக வேண்டுமா?

வேண்டியதில்லை. 1876-இல் பிரிட்டிஷ் அரசு போட்ட நாடகச் சட்டத்தில் தொடங்கிய வழக்கம் இது. விடுதலைக்குப் பிறகு சென்னை மாகாணம் 1954-இல் தனியாக ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகத்தை நிறுத்தத்தான் அது வந்தது என்று நாடக உலகம் இன்றும் சொல்லும். ஆட்சேபத்துக்குரியது என்று அதிகாரி கருதினால் நாடகத்தைத் தடுக்கும் வழி அதில் இருந்தது. 'பரீக்ஷா' நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013 ஜனவரியில் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அரசமைப்புக்கு முரண் என்று ரத்து செய்தது. 1876 சட்டத்தையும் நாடாளுமன்றம் பின்னர் நீக்கிவிட்டது.

இருந்தும் ஸ்டேஷன் ரைட்டர் "ஸ்கிரிப்ட் ஒரு காப்பி கொடுத்துட்டுப் போங்க" என்பார். பெரும்பாலும் பழக்கத்தில் கேட்பதுதான். மேசை முன் நின்று சட்டம் பேசி மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு பக்கக் கதைச்சுருக்கம், நாடகம் ஓடும் நேரம், கலைஞர் எண்ணிக்கை, பொறுப்பாளரின் பெயரும் கைபேசி எண்ணும் எழுதிக் கொடுங்கள். முழுப் பிரதிதான் வேண்டும் என்று வற்புறுத்தினால், எந்தப் பிரிவின் கீழ் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். 2013 தீர்ப்பின் நகல் ஒன்று கோப்பில் எப்போதும் இருக்கட்டும்.

முழுப் பிரதியைக் கொடுக்காதீர்கள் என்று சொல்ல இரண்டு காரணங்கள் உண்டு. தெருநாடகத்தில் வசனம் நாளுக்கு நாள் மாறும். கையில் பிரதி இருந்தால், மாறிய வரி ஒவ்வொன்றும் "கொடுத்ததில் இல்லாத வசனம்" என்று குற்றமாகிவிடும். இரண்டாவது, ஒரு மேசையில் வைத்த தாள் அந்த மேசையிலேயே தங்குவதில்லை. நாடகம் நடக்கும் முன்பே அது ஏரியா கட்சிக்காரர் கைக்குப் போய்விட்டால், "அந்த சீன் மட்டும் வேண்டாமே" என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பும்.

அப்படியானால் எந்த அனுமதியும் தேவையில்லையா?

உள்ளடக்கத்துக்கு அனுமதி தேவையில்லை. இடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் தேவை. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பொது இடத்தில் கூட்டம் கூடுவதை 1888-ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம் 41-ஆம் பிரிவின் கீழ் கமிஷனர் முறைப்படுத்துகிறார். ஐந்து நாட்களுக்கு முன் விண்ணப்பம் தர வேண்டும். தெருநாடகத்தையும் போலீஸ் இதற்குள் கொண்டுவருவதால் எட்டு, பத்து நாட்களுக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. கடைசி நாளில் கொடுத்தால், உள்ளடக்கம் பிடிக்காதவருக்கு "நேரம் போதவில்லை" என்று மறுக்க வழி நீங்களே தந்ததாகும். விளையாட்டுத் திடல், பூங்கா, சமூக நலக்கூடம் மாநகராட்சியுடையது என்றால் மண்டல அலுவலகத்துக்குப் போக வேண்டும். திருவொற்றியூர் 1-ஆம் மண்டலம், தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5, திரு.வி.க. நகர் 6. வியாசர்பாடியும் புளியந்தோப்பும் எல்லையோரம் என்பதால் தெரு எந்த மண்டலத்தில், எந்த ஸ்டேஷன் எல்லையில் வருகிறது என்பதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். தவறான ஸ்டேஷனில் மனு கொடுத்து நான்கு நாள் போவது அடிக்கடி நடக்கிறது.

மனுவில் "தெருநாடகம்" என்றே எழுதுங்கள். "விழா", "விழிப்புணர்வு நிகழ்ச்சி" என்று பூசி மெழுகினால், பிறகு "சொன்னது ஒன்று, செய்தது ஒன்று" என்பார்கள். தொடங்கும் நேரம், முடியும் நேரம், பெட்டி ஒலிபெருக்கி எத்தனை, மேடை அளவு, எதிர்பார்க்கும் கூட்டம், போக்குவரத்துக்கு விடும் வழி ஆகியவை இருக்கட்டும். இரண்டாவது நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தர மறுத்தால் அன்றே ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

ஒலி விஷயத்தில் 2000-ஆம் ஆண்டு விதிகள் தெளிவானவை. திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. ஸ்டான்லி மருத்துவமனைச் சுவரை ஒட்டி இடம் பிடித்துவிட்டு, அரசியல் காரணத்துக்காக மைக்கைப் பிடுங்கினார்கள் என்று சொன்னால் எடுபடாது. நிறுத்த நினைப்பவர் முதலில் தேடுவது இப்படிப்பட்ட ஓட்டையைத்தான். கூம்பு ஒலிபெருக்கி ஒன்றுகூட வைக்காதீர்கள். அதுவும் அதே வகைதான்.

தடை உத்தரவு எதுவும் வரவில்லை. ஆனால் எல்லாக் கதவும் மூடுகிறது. என்ன செய்வது?

நெருக்கடி பெரும்பாலும் இப்படித்தான் வரும். எழுத்தில் எதுவும் இருக்காது. மண்டபத்துக்காரர் "அன்னைக்கு வேற புக்கிங் இருக்கு, மறந்துட்டேன்" என்பார். மைக் செட் வண்டி வராது. நாற்காலி வாடகைக்காரர் போனை எடுக்க மாட்டார். சாயங்காலம் ஆறரைக்குக் கரண்ட் போகும்.

மண்டபத்துக்கு முன்பணம் கட்டும்போதே தேதி, நேரம், நாடகத்தின் பெயர் மூன்றும் எழுதிய ரசீது வாங்குங்கள். வாய்ப்பேச்சில் நிற்கிற முன்பதிவு முதல் போன் அழைப்பிலேயே கலைந்துவிடும். மைக் செட்டை அதே வார்டில் எடுக்காதீர்கள்; அந்த ஆள் நாளைக்கும் அங்கேதான் பிழைக்க வேண்டும், அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுவது நியாயமில்லை. பெரம்பூர் நிகழ்ச்சிக்குத் திருவொற்றியூரிலிருந்து கொண்டுவாருங்கள். இரண்டு பெட்டி, நான்கு விளக்குக்கு இரண்டு கிலோவாட் ஜெனரேட்டர் போதும். மூன்றாவதாக, மைக்கே இல்லாமல் போடக்கூடிய வடிவம் ஒன்றை ஒத்திகையிலேயே தயாராக வையுங்கள். பறையும் குரலும் மட்டும் வைத்து, மக்கள் வட்டமாக நிற்க, இருபத்தைந்து நிமிடத்தில் முடிகிற வடிவம். இடத்துக்கான அனுமதி அதற்கும் வேண்டும், ஆனால் ஒலிபெருக்கிக்கான அனுமதியை வைத்து அதை முடக்க முடியாது.

வட்டச் செயலாளர் செலவு முழுவதையும் ஏற்கிறேன் என்கிறார். வாங்கலாமா?

வாங்குவதில் தவறில்லை. முழுவதையும் ஒருவரிடமே வாங்குவதில்தான் ஆபத்து. ஒரு நிகழ்ச்சியின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த ஒரு கையிலிருந்தும் வரக் கூடாது என்பதே நாங்கள் சொல்லும் அளவு. அவர் கடைசி நாளில் பின்வாங்கினாலும் மீதி இரண்டு பங்கில் நாடகம் நடந்துவிடும். பின்வாங்குவேன் என்ற பேச்சுக்கும் அப்போது வேகம் இருக்காது.

ரொக்கத்தை மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். பந்தல், நாற்காலி, மைக், இரவுச் சாப்பாடு, ஆட்களை ஏற்றிவரும் வேன் எல்லாம் "நம்ம பையன் பார்த்துப்பான்" என்று ஒரே ஆளின் வழியாக வரும். அவற்றுக்கும் விலை போட்டு அந்த மூன்றில் ஒரு பங்குக்குள் சேருங்கள்.

பேச வேண்டியதை முன்பணம் கைமாறும் முன் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். கொடியும் ஃபிளெக்ஸும் நடிக்கும் இடத்துக்கு வெளியே இருக்கும். நன்றி நாடகம் முடிந்த பிறகு, ஒரு முறை. நடுவில் சால்வை, மாலை, பேச்சு கிடையாது. வசனம் பற்றிய கருத்தை ஒத்திகைக்கு வந்து சொல்லலாம், முடிவு குழுவுடையது. நாடகம் நின்றுபோனால் முன்பணம் யாருக்கு என்பதும் இருக்கட்டும். கையெழுத்துப் போட அவர் தயங்கினால், அதே விஷயங்களை வாட்ஸாப்பில் "அண்ணே, நாம பேசினபடி" என்று தொடங்கி அனுப்பிவையுங்கள். "சரி தம்பி" என்ற பதில் வந்தால் போதும்.

நடுவில் சால்வை என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் தலைவர் வந்ததும் நாடகத்தை நிறுத்தி, பத்து நிமிடம் வரவேற்று, மறுபடி தொடங்கினால் பார்ப்பவர் கண்ணில் அதற்கு முன் நடந்தது, பின் நடப்பது எல்லாமே அவருடைய நிகழ்ச்சியாகிவிடும். உட்கார்ந்து பார்ப்பவர்கள் அவருடைய எதிர்க்கட்சி வீட்டுப் பிள்ளைகளும்தான்.

குழுவுக்குள்ளேயே எல்லாரும் ஒரு அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். மறுத்தால் பாத்திரம் போய்விடுமோ என்று பயம்.

இதுதான் அதிகம் வரும் கேள்வி. தனியாக வந்து, மெதுவான குரலில் கேட்கப்படுவதும் இதுதான்.

தமிழ் நாடகத்துக்கு அரசியல் புதிதில்லை. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட மண் இது. திராவிட இயக்கம் நாடக மேடையில் வளர்ந்தது. 1984-இல் பிரளயன் தொடங்கிய சென்னைக் கலைக்குழு போன்ற இடதுசாரிக் குழுக்கள் தங்கள் நிலைப்பாட்டை மறைத்ததில்லை. அம்பேத்கரிய மேடையும் தமிழ்த்தேசிய மேடையும் இருக்கின்றன. ஒரு குழு தனக்கென்று அரசியல் வைத்துக்கொள்வது முழுக்க நியாயம். சேரும் நாளிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். சொல்லாமல் சேர்த்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து ஒத்திகை முடிந்த அசதியில் ஒரு தாளை நீட்டுவது நியாயம் இல்லை.

மூன்று விஷயங்களைப் பிரித்து வையுங்கள். நாடகப் பிரதியின் அரசியல் ஒன்று. அதை ஏற்று நடிக்க ஒப்புக்கொண்டவர் முழு மனதோடு நடிக்கக் கடமைப்பட்டவர். குழுவின் பெயரில் வரும் அறிக்கை இன்னொன்று. உறுப்பினர் எல்லாரும் ஒப்பினால் மட்டுமே குழுவின் பெயர் போகலாம், ஒருவர் மறுத்தாலும் ஒப்பியவர்களின் சொந்தப் பெயர்களில் போகட்டும். மூன்றாவது, ஒரு நடிகர் யாருக்கு ஓட்டுப் போடுகிறார், எந்தக் கோவிலுக்குப் போகிறார், எந்தப் பதிவுக்கு விருப்பக்குறி போடவில்லை என்பது. இதில் குழுவுக்கு எந்த வேலையும் இல்லை.

கையெழுத்துப் போடாததை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வடசென்னையில் ஒரு பெண் நாடகத்துக்கு வருவதே வீட்டில் நான்கு பேரைச் சமாதானம் செய்துவிட்டுத்தான். அப்பா துறைமுகத்தில் ஒரு சங்கம், அண்ணன் ஒரு கட்சியில் கிளைப் பொறுப்பு, மாமா இன்னொன்றில். அவள் பெயர் ஒரு அறிக்கையில் வந்தால் மறுநாள் ஒத்திகைக்கு வர முடியாமல் போகலாம். அது அவளுடைய கருத்தே இல்லை, அவளுடைய சூழ்நிலை. உண்மையிலேயே மாறான கருத்து இருந்தாலும் அது அவள் உரிமை.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். அறிக்கையை ஒத்திகை இடத்தில் சுற்றுக்கு விடாதீர்கள். எல்லார் கண் முன்னும் கேட்டால் மறுக்க முடியாது. ஒருவரிடம் அனுப்பி, விருப்பமுள்ளவர் இரண்டு நாளில் அவருக்குத் தனியாகச் சொல்லட்டும். யார் சொல்லவில்லை என்ற பட்டியலை அவர் யாருக்கும் காட்டக் கூடாது. பாத்திரப் பங்கீடு நடக்கும் வாரத்தில் எந்த அறிக்கையும் வேண்டாம். இயக்குநருக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு: பாத்திரம் தருகிறவரும் கையெழுத்துக் கேட்கிறவரும் ஒரே ஆள் என்றால், அவர் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் எதிரில் நிற்கிற இருபது வயதுப் பிள்ளைக்கு அது கட்டளைதான்.

ஒரு நடிகர் குறிப்பிட்ட வசனத்தைச் சொல்ல மாட்டேன் என்கிறார்.

எப்போது சொல்கிறார் என்பதுதான் முக்கியம். முதல் வாசிப்பில் சொன்னால் பிரச்சினையே இல்லை. வசனத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றலாம், அல்லது அவரை வேறு பாத்திரத்துக்கு. அரங்கேற்றத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது சொன்னால் எல்லாருக்கும் கஷ்டம். அதனால் முதல் வாசிப்பு முடிந்ததும் "எந்த வரி உங்களுக்கு உறுத்துகிறது?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். ஏழு நாள் அவகாசம் கொடுங்கள். பிறகு பிரதி உறுதி.

மறுப்புக்குக் காரணம் நம்பிக்கையா, பயமா என்று பாருங்கள். வில்லன் பேசும் சாதிவெறி வசனத்தைத் தன் கருத்தாகத் தன் தெருவில் எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் என்றால், அந்த வசனத்துக்கு முன் பாத்திரத்தைத் தெளிவாக நிறுவினால் தீர்ந்துவிடும். ஒரு துண்டு, ஒரு முகமூடி, கட்டியக்காரன் வாயால் ஒரு அறிமுகம் போதும். கூத்தில் இந்த உத்தி காலம் காலமாக இருக்கிறது.

எங்கள் பறைக் கலைஞர் எல்லாக் கட்சி ஊர்வலத்துக்கும் அடிக்கிறார். குழுவில் வைத்துக்கொள்வது சரியா?

சரி. அது அவருடைய பிழைப்பு. ஒரே மாதத்தில் மூன்று கொடிக்கு அடிப்பவர் மூன்று கொள்கை வைத்திருப்பதாக அர்த்தம் இல்லை. மாதச் சம்பளம் தர முடியாத குழு, அவர் எங்கே சம்பாதிக்கலாம் என்று சொல்லவும் கூடாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம்: குழுவின் பனியனைப் போட்டுக்கொண்டு பிரச்சாரத்துக்குப் போக வேண்டாம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் அவர் உறுப்பினரா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் பதிவு செய்ய உதவுங்கள்.

உயிரோடு இருக்கும் தலைவரையோ ஒரு நிறுவனத்தையோ நாடகத்தில் காட்டலாமா?

காட்டலாம். எதைச் சொல்கிறீர்கள் என்பதற்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

அவதூறு இப்போது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. இரண்டு ஆண்டு வரை தண்டனை. உண்மையைப் பொதுநலனுக்காகச் சொல்வதும், பொது ஊழியரின் பொதுப் பணி பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வதும் விதிவிலக்குகள். எனவே தலைவரின் ஆட்சி முடிவைக் கிண்டல் செய்யும் காட்சிக்குப் பாதுகாப்பு அதிகம், அவர் குடும்பத்தை இழுக்கும் காட்சிக்குக் குறைவு. பின்னது பெரும்பாலும் நாடகத்துக்கும் தேவையில்லை. மதப் பகைமை தூண்டுதல் 196, மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துதல் 299. இதில் பலர் கவனிக்காத ஒன்று: 196-ஆம் பிரிவுக் குற்றம் வழிபாட்டு இடத்திலோ வழிபாட்டுக் கூட்டத்திலோ நடந்தால் தண்டனை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்கிறது. ஆடி மாதம் அம்மன் கோவில் வாசலில் போடும் நாடகத்துக்குப் பிரதியை இன்னொரு முறை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

எண்ணூர் நாடகங்களுக்குத் தனி எச்சரிக்கை. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் படர்ந்ததும், அதே மாத இறுதியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்ததும் பொதுப் பதிவில் உள்ள நிகழ்வுகள். அவற்றை மேடையேற்ற முழு உரிமை உண்டு. வசனத்தில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் தேதிக்கும் ஒரு கோப்பு வையுங்கள்: பசுமைத் தீர்ப்பாய உத்தரவு, அரசு அறிக்கை, நாளிதழ். கோப்பில் இல்லாத எண்ணை மேடையில் சொல்லாதீர்கள். அங்கே நெருக்கடி நோட்டீஸாக வருவது அபூர்வம். நடிகரின் தம்பிக்கு ஒப்பந்த வேலை நின்றுபோகும், அப்படித்தான் வரும். பாத்திரம் பிரிக்கும் முன்பே யார் வீட்டில் யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்பதை அவர்களே யோசித்துச் சொல்ல நேரம் கொடுங்கள். பின்னணியில், முகம் தெரியாத வேலையில் இருக்க விரும்பினால் அதற்கும் மதிப்பு உண்டு.

நடுவில் ஒரு கும்பல் வந்து நிறுத்தச் சொன்னால்?

1989 ஜனவரி 1-ஆம் தேதி, டெல்லியை அடுத்த சாகிபாபாத்தில் தெருநாடகம் நடந்துகொண்டிருந்தபோது சஃப்தர் ஹாஷ்மியின் குழுவைத் தாக்கினார்கள். மறுநாள் அவர் இறந்தார். எனவே துணிச்சலைக் காட்டும் நேரமாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் உயிர், பிறகு உரிமை.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நடிக்காத மூன்று பேர் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் பேசுவார். மூத்தவராக, அந்தத் தெருவுக்குத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. ஒருவர் சற்றுத் தள்ளி நின்று தொடர்ச்சியாக வீடியோ எடுப்பார்; வெட்டி ஒட்டிய துண்டுகள் பிறகு உதவாது. மூன்றாமவர் 112-க்கு அழைத்துவிட்டு, பெண் கலைஞர்களையும் குழந்தைகளையும் முன்கூட்டியே பேசிவைத்த வீட்டுக்குக் கூட்டிப்போவார். சந்துக்குள் நாடகம் போட்டால் வெளியேற இரண்டு வழி உள்ள சந்தாகப் பாருங்கள். நிறுத்த வேண்டி வந்தால் மைக்கில் யாரையும் திட்டாமல் "நாடகத்தை இப்போது நிறுத்துகிறோம்" என்று மட்டும் அறிவியுங்கள்.

போலீஸ் வந்ததும் பெரும்பாலும் உங்களைத்தான் கலையச் சொல்வார்கள், அதுதான் சுலபம். 1989-இல் 'ஒரே ஒரு கிராமத்திலே' பட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த இடத்துக்குப் பொருந்தும்: ஆர்ப்பாட்டமும் வன்முறையும் நடக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை. இதை மனுவில் எழுதுங்கள். தெருவில் நின்று வாதிட வேண்டாம்.

அன்றிரவே புகார் கொடுங்கள். புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி எல்லை எது என்று பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். சி.எஸ்.ஆர். ரசீதோடு, அதாவது புகார் வந்தது என்பதற்கான சீட்டோடு, நிறுத்திக்கொள்ளச் சொன்னால் அதையும் வாங்குங்கள், ஆனால் எஃப்.ஐ.ஆர். கேட்டு உயரதிகாரிக்குத் தபாலில் எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

மறுநாள் "சமாதானமாப் பேசி முடிச்சுக்கலாம்" என்று அழைப்பு வரும். தனியாகப் போகாதீர்கள், வக்கீல் ஒருவரை அழைத்துப் போங்கள். மன்னிப்புக் கடிதமோ "இனி இந்த நாடகத்தைப் போட மாட்டோம்" என்ற உறுதியோ எழுதிக் கொடுக்காதீர்கள். எழுத்தாளர் பெருமாள்முருகனை இப்படி ஒரு கூட்டத்தில் உட்காரவைத்து எழுதி வாங்கினார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்துக்குச் சட்டப்படி எந்தப் பிணைப்பும் இல்லை என்றது. நீங்களும் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால், அது உங்களைக் கட்டுப்படுத்தும் என்று நினைத்து முடங்க வேண்டாம்.

தேர்தல் நேரத்தில் போடலாமா?

போடலாம். கடைசி 48 மணி நேரத்தில் மட்டும் மிகக் கவனம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 126-ஆம் பிரிவு, வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் இசை நிகழ்ச்சி, நாடகம் மூலம் தேர்தல் விஷயத்தைப் பரப்புவதைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது. தண்டனை இரண்டு ஆண்டு வரை. உங்கள் பழைய நாடகத்தில் ஒரு சின்னத்தின் சாயல் இருந்தாலும் அந்த இரண்டு நாள் போடாதீர்கள். மற்ற நாட்களில் ஒரு வேட்பாளருக்கு ஆதரவாக நடித்தால் அந்தச் செலவு அவர் கணக்கில் ஏறும் என்பதால் ரசீது சரியாக இருக்கட்டும்.

அரசு நிதி வாங்கினால் வாயைக் கட்டிவிடுவார்களா?

நிதியின் வகையைப் பொறுத்தது. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம், மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் போன்றவை தரும் உதவி நாடகத் தயாரிப்புக்கானது. துறைகள் தரும் விழிப்புணர்வுப் பிரச்சார வேலை அப்படியில்லை. அங்கே பிரதி அவர்களுடையது, நீங்கள் கூலிக்கு நடிக்கிறீர்கள். இரண்டையும் ஒரே பெயரில், ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். குடிப்பழக்கத்துக்கு எதிரான அரசு நாடகத்தைக் காலையில் போட்டுவிட்டு, மாலையில் அதே பேனரின் கீழ் டாஸ்மாக் கொள்கையை விமர்சித்தால் இரண்டு பக்கமும் நம்பிக்கை போகும்.

உதவிக்கு விண்ணப்பிக்கப் பதிவு வேண்டும் என்பார்கள். 1975 சங்கப் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் போதும். அந்த ஏழு பேரும் ஒரே கட்சிப் பொறுப்பாளர்களாக இருக்க வேண்டாம். ஆண்டுக் கணக்கைத் தவறாமல் தாக்கல் செய்யுங்கள், பிடிக்காதவர்கள் புகார் போடும்போது முதலில் தோண்டுவது அதைத்தான். வெளிநாட்டுப் பணத்திலும் கவனம். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால் ஆகும். அப்போது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் குழுவின் கணக்கில் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது.

இந்த நெருக்கடி எல்லாம் ஒரு தரப்பு மட்டும் செய்வதுதானே?

இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியை மேடையிலிருந்து பாடி எதிர்த்துப் பலமுறை சிறை சென்ற எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ், 1940 டிசம்பர் 31 இரவு நம் வால்டாக்ஸ் சாலை நாடகக் கொட்டகையில் முருகன் வேடத்தில் இருந்தபோதே உயிர் விட்டார். அது அந்நிய அரசின் காலம். அமெரிக்காவில் அரசே நடத்திய ஃபெடரல் தியேட்டர் திட்டத்தைக் கம்யூனிஸ்ட் சாயம் பூசி 1939 ஜூனில் நிதியை நிறுத்தி மூடினார்கள். அதே மாதம் சோவியத் நாட்டில், புரட்சியை முதல் ஆளாக வரவேற்ற இயக்குநர் மேயர்ஹோல்ட் கைது செய்யப்பட்டார். 1940 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய அரங்கை அதற்கு முன்பே மூடியாகிவிட்டது. நம் தரப்பு அதிகாரத்தில் இருக்கும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று ஒவ்வொரு குழுவும் கேட்டுக்கொள்ள வேண்டும், அது பத்துப் பேர் ஒத்திகை அறையின் அதிகாரமாக இருந்தாலும்.

கருத்து வேறுபாட்டால் ஒருவர் விலகுகிறார். எப்படி முடிப்பது?

அவர் வந்த ஒத்திகை நாட்களுக்குப் பேசிய படியை அந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அவர் யோசனையில் பிறந்த காட்சி நாடகத்தில் தொடர்ந்தால் துண்டுப் பிரசுரத்தில் அவர் பெயரும் தொடரும். வேண்டாம் என்று அவர் சொன்னால் எடுத்துவிடலாம். சுவரொட்டியில் அவர் முகம் இருந்தால் அடுத்த அச்சில் மாற்றுங்கள். வாட்ஸாப் குழுவிலிருந்து அவரை நீக்குவதற்கு முன் அவரிடம் சொல்லுங்கள். ஏன் போனார் என்று வெளியே கேட்பவர்களுக்கு இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள். அவரை அடுத்து எடுக்கப்போகும் குழு உங்களுக்குப் போன் செய்தால், நேரத்துக்கு வருவாரா, வசனம் மனப்பாடம் செய்வாரா என்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அவருடைய அரசியலைப் பற்றி அவர்கள் அவரிடமே கேட்டுக்கொள்ளட்டும்.